பாதத்துக்குள் ஐந்து எழுத்து

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், ஒரு பல் வைத்தியருடைய அறைக்கும் ஒரு சைவக்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் பக்கம் பக்கமாக நிற்க முடியாத அகலத்தில் ஒரு சீல் கடை இருக்கிறது. கொச்சிக்கடைப் பண்டகசாலைக்காரர்கள், புறக்கோட்டை இறக்குமதி வியாபாரிகள், சமாதான நீதவான்கள், பள்ளிக்கூட அதிபர்கள் எல்லோருக்கும் ரப்பர் முத்திரை அங்கேதான் தயாராகிறது. கடை பௌஸி நானாவுடையது. முன்பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களோடு மூன்று மொழியிலும் கதைப்பது அவர் வேலை. பின்பக்க மேசையில் உட்கார்ந்து முத்திரையைச் செய்கிறவள் மேனகா.

மேனகாவுக்கு நாற்பத்துநான்கு வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இருபது வயதில் கொழும்புக்கு வந்தவள். முதலில் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் வேலைதான் கிடைத்தது. கடையில் தமிழ் எழுத்துக் கோக்கத் தெரிந்த ஆள் வெளிநாடு போய்விட, பௌஸி நானா கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஒரு காலையில், துடைப்பத்தோடு வாசலில் நின்ற மேனகா, “நானா, அந்த அச்சில ‘ற’வுக்குப் பதிலா ‘ர’ போட்டிருக்கீங்க” என்றாள். திருப்பி வைத்திருந்த ஈய எழுத்தை, அதுவும் ஐந்தடி தள்ளி நின்று, அவள் படித்துவிட்டாள் என்பது பௌஸி நானாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடுத்த வாரத்திலிருந்து படிக்கட்டை வேறொருத்தர் கூட்டினார்.

முத்திரையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருந்தால்தான் தாளில் நேராக விழும். இதைத் தெரிந்துகொள்ள மேனகாவும் ஒருமுறை அவமானப்படத்தான் வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரொனி என்கிற பையன் செயலாளராக இருந்த கிரிக்கெட் கழகத்துக்கு அவசரமாக ஒரு முத்திரை வேண்டியிருந்தது. ஈய எழுத்துப் போதவில்லை. மேனகா ரப்பர்த் துண்டை எடுத்துக் கையாலேயே வெட்டினாள். அழகாக, நேராக, இடமிருந்து வலமாக. ரொனி அதை வாங்கிக்கொண்டு போய் நாற்பது அழைப்பிதழில் அடித்த பிறகுதான் கழகத்தின் பெயர் வாலிலிருந்து தொடங்குவதைக் கண்டான். சண்டைக்கு வருவான் என்று அவள் பயந்திருக்க, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். “அக்கா, எங்கட டீமும் இப்படித்தான் விளையாடுறது. மாத்த வேணாம்!”

இப்போது ஈய எழுத்தெல்லாம் இல்லை. கணினியில் எழுத்தை அடித்து, ‘மிரர்’ என்ற கட்டளையை அழுத்தினால் எல்லாம் திரும்பிவிடும். லேசர் மெஷின் ரப்பரைச் சுட்டுச் செதுக்கிவிடும். வேலை முன்னைவிட இரண்டு மடங்காகியிருக்கிறது. ஆனால் பிழை பார்க்கிற கண் மெஷினுக்கு இல்லையே. ஓர் அரசாங்க அலுவலகம் தன் தமிழ்ப் பெயரிலேயே ஒரு கொம்பை விழுங்கி எழுதி அனுப்பியபோது, மேனகா அதை வெட்ட மறுத்து, தொலைபேசியில் சிங்களத்தில் இருபது நிமிடம் வாதாடி, திருத்தி வாங்கிய பிறகுதான் மெஷினை முடுக்கினாள். “கஸ்டமர் தந்ததெ செஞ்சு குடுத்திட்டுப் போறதுக்கு என்னத்துக்கு இந்த வக்கீல் வேல?” என்று பௌஸி நானா முணுமுணுப்பார். ஆனால் தடுக்க மாட்டார்.

போன வருடம் ஓகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுதர்சினி என்கிற பல்கலைக்கழக விரிவுரையாளர் கடைக்கு வந்தார். வெள்ளவத்தையில் வீடு. தொல்லியல் படிப்பிக்கிறவர். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு பெரிய படம்.

“பன்னிரண்டு சீல் வேணும். எங்கட கண்காட்சிக்கு வாற பிள்ளையள் களிமண்ணில குத்தி விளையாடுறதுக்கு,” என்றார். “குத்தினா இந்தப் படத்தில இருக்கிற மாதிரியே வரவேணும்.”

மேனகா படத்தை வாங்கிப் பார்த்தாள். செம்பவள நிறத்தில் பளபளவென்று ஒரு மண்பாத்திரத்தின் உடைந்த அடிப்பாகம். அதன் நடுவில் விரல் நீளத்தில் ஒரு சின்னப் பாதம். பாதத்துக்குள் ஐந்து ஆங்கில எழுத்து.

“கால் மாதிரி இருக்குங்களே மிஸ்?”

“கால்தான். உள்ளங்கால் வடிவத்துக்குள்ள பேரை எழுதிக் குத்துறது அந்தக் காலத்தில ஒரு பாஷன். இது ரோமாபுரிக்காரர் ஆண்ட காலம். ரெண்டாயிரம் வருசம் இருக்கும். இத்தாலியில செய்து, கப்பல்ல வந்து, மன்னார்ப் பக்கம் உடைஞ்சு மண்ணுக்குள்ள கிடந்தது. நாங்கள் தோண்டேக்க எடுத்தனாங்கள்.”

“அப்பவே சீல் அடிச்சிருக்காங்களா!”

“ஓம். பாத்திரம் ஈரமா இருக்கேக்க குத்திப்போட்டுச் சூளையில வைக்கிறது. செய்தவன்ட பேர், இல்லையெண்டால் பட்டறைக்காரன்ட பேர்.”

முன்பக்கத்திலிருந்து பௌஸி நானா கழுத்தை நீட்டினார். “கள்ளச் சாமான் வந்திடும் எண்டு பயத்துக்கா மிஸ்?”

“அதுவும் இருந்திருக்கலாம்,” என்று சுதர்சினி சிரித்தார். “அரெஸ்ஸோ எண்டு ஒரு ஊர். அங்கத்தைச் சிவப்புப் பாத்திரத்துக்கு நல்ல பேர். பிறகு வேற ஊர்க்காரரும் அதே மாதிரிச் செய்யத் தொடங்க, சிலர் ‘இது உண்மையான அரெஸ்ஸோ’ எண்டே முத்திரை குத்தினவை.”

“யா அல்லாஹ். அப்ப புறக்கோட்டை அங்கேயே ஈந்திருக்கி!”

மூன்று பேரும் சிரித்தார்கள். சுதர்சினி ஆர்டர் தாளில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார்: ஐ, டி, ஐ, வி, ஏ (ITIVA). “இதிவா எண்டு வாசிக்கிறம். ஆள் ஆரெண்டு தெரியாது. ரெண்டு வருசமாப் பட்டியல் பட்டியலாத் தேடிப் பாத்திட்டன், அப்பிடி ஒரு பேரே இல்லை. கண்காட்சிப் பலகையிலயும் ‘யாரென அறியப்படாத இதிவா’ எண்டுதான் போட்டிருக்கிறம்.”

அவர் போனபின் மேனகா படத்தைக் கணினியில் ஏற்றினாள். பாதத்தின் விளிம்பையும் எழுத்தையும் கோடாக்கினாள். பிறகு, ஒரு நாளைக்கு ஐம்பது தரம் செய்வதுபோல, ‘மிரர்’ கட்டளையை அழுத்தினாள். பாதம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் புரண்டது. கை அடுத்த பொத்தானுக்குப் போகவில்லை.

அந்த ஐந்து எழுத்தும் இடம் வலமாகத் திருப்பினாலும் உருவம் மாறாதவை. ஏ, வி, ஐ, டி எல்லாமே இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பவை. அதனால் படத்தில் எதுவும் கோணலாகத் தெரியவில்லை. ஆனால் திருப்பியதும் வரிசை மாறிவிட்டது. இப்போது முதலில் நிற்பது ஏ. அது அகலமாக, காலை விரித்துக்கொண்டு நின்றது. அடுத்து வி, அதுவும் தாராளமாக. பிறகு ஐ. பிறகு வந்த டியின் கை குட்டையாகிவிட்டது. கடைசி ஐ இடமில்லாமல் பாதத்தின் விளிம்பில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ பாவம், எடம் போதாமப் போச்சு இந்தாளுக்கு,” என்று மேனகா வாய்விட்டுச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. எழுதத் தொடங்குகிறவன் முதலில் தாராளமாகத்தான் எழுதுவான். கடைசியில்தான் நெருக்குவான். இதில் நெருக்கம் ஐயின் பக்கம். அப்படியென்றால் அவன் தொடங்கியது ஏயிலிருந்து. அச்சை வெட்டினவன் எழுத்தைத் திருப்ப மறந்து, நேராகவே வெட்டியிருக்கிறான். அதனால்தான் களிமண்ணில் பெயர் பின்னுக்கிருந்து விழுந்திருக்கிறது. அவளுடைய கிரிக்கெட் கழக முத்திரையேதான்!

பேசாமல் பன்னிரண்டையும் செய்து கொடுத்துவிடலாம். குத்தினால் படத்தில் இருப்பதுபோலத்தான் வரும், குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒருத்தருடைய பெயரைத் தப்பாகப் பலகையில் எழுதப்போகிறார்களே என்று நினைத்தபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சுதர்சினியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“மிஸ், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பேரு திரும்பி இருக்குன்னு நெனைக்கிறேன். ஏயில இருந்து படிக்கணும்.”

“எழுத்து நேராத்தானே கிடக்கு?”

“அந்த எழுத்தெல்லாம் திருப்பினாலும் நேராத்தாங்க தெரியும். ஆனா ஒரு பக்கம் நெருக்கி இருக்கு பாருங்க. ஐ பக்கம்.”

“அது குதிக்கால் பக்கம். பாதம் அதில ஒடுங்குது. அதுதான் எழுத்துச் சின்னனா வந்திருக்கு,” என்றார் சுதர்சினி. குரலில் கோபம் இல்லை, ஆனால் களைப்பு இருந்தது. “மேனகா, பலகை அச்சுக்குப் போயிட்டுது. நீங்கள் படத்தில இருக்கிற மாதிரிச் செய்து தாங்கோ. அதுவே காணும்.”

பௌஸி நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அவங்க படிச்சவங்க. நாங்க ரப்பர் சுடுற ஆக்கள். ஒங்களுக்குத் தேவையா?” என்றார். மேனகாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று முழுக்க மெஷின் எரித்த ரப்பர் வாசத்துக்குள் மற்ற ஆர்டர்களைச் செய்துகொண்டிருந்தாள்.

மாலை பஸ்ஸில் ஹெந்தளையில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், சோற்றைப் போட்டுக்கொண்டே கணவன் இராமரிடம் சொன்னாள். இராமர் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டகசாலை ஒன்றில் சாமான் பிரிக்கும் வேலை செய்கிறவர். நிதானமான மனிதர்.

“ஒரே கன்டெய்னர்ல நாலு ஆளுட சாமான் வரும்,” என்றார் அவர். “பெட்டியில அடிச்ச மார்க்கைப் பாத்துத்தான் பிரிக்கிறோம். தலைகீழாப் பாத்தா ஒம்போது ஆறாயிரும். இன்னாருட சாமான் இன்னாருக்குப் போயிரும். நாங்க பெட்டிய எப்பிடிப் பிரட்டிப் பாப்போம் தெரியுமா? மார்க் அடிக்கிறப்ப எந்தப் பக்கம் மேல நின்னிச்சின்னு பாப்போம். நீ பாத்ததும் அதானே. இதுக்கு என்ன வெக்கம்?”

வியாழக்கிழமை முற்பகல், யாரும் கூப்பிடாமல் சுதர்சினி கடை வாசலில் வந்து நின்றார். துணிப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதற்குள் அந்தப் பாத்திர ஓட்டின் அச்சு அசலான சுண்ணாம்புப் பிரதி.

“நித்திரை வரேல்ல,” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. “நீங்கள் சொன்னதையே யோசிச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு விளக்கமாக் காட்டுங்கோ.”

மேனகா பிரதியை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் குதிக்கால் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். “குதிக்கால் ஒடுங்குறதுக்கு எழுத்து சின்னதாகட்டும் மிஸ், ஒத்துக்குறேன். ஆனா இந்த ஐ விளிம்புல சாஞ்சு நிக்குது பாருங்க. இதுதான் மொதல் எழுத்துன்னா ஏன் சாயணும்? தொடங்குறப்ப எடம் பூராவும் காலியாத்தானே இருக்கும்?”

சுதர்சினி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். மேனகா ஒரு தடித்த ரப்பர்த் துண்டில் பேனாவால் பாதத்தின் வடிவத்தை வரைந்து, ஒரு சின்னக் கத்தியோடு அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்களே வெட்டுங்க. விரல் பக்கத்துல இருந்து. ஏ, வி, ஐ, டி, ஐ. யோசிக்காம, சும்மா எழுதுற மாதிரி.”

கலாநிதிப் பட்டம் வாங்கிய சுதர்சினி முக்காலியில் உட்கார்ந்து, நாக்கை நுனிப்பல்லில் வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். ஏ பெரிதாக வந்தது. வி அதைவிடப் பெரிதாக வந்தது. ஐ வெட்டும்போது “எவ்வளவு இருக்கு இன்னும்?” என்று கேட்டார். மேனகா, வெட்டுங்க என்று கை காட்டினாள். டிக்கு வந்தபோது கத்தி தயங்கியது. கடைசி ஐக்கு இடமே இல்லை. அதை ஒருபக்கம் சரித்து, விளிம்போடு உரசும்படி செருகிவிட்டு, “சீ, பழுதாக்கிப்போட்டன்,” என்றார்.

மேனகா, பக்கத்துப் புத்தகக்கடையில் வாங்கி வைத்திருந்த விளையாட்டுக் களிமண்ணைத் தட்டையாக்கி நீட்டினாள். சுதர்சினி ரப்பரை அதில் அழுத்தி எடுத்தார்.

களிமண்ணில், இடமிருந்து வலமாக, ஐ, டி, ஐ, வி, ஏ. குதிக்கால் பக்கத்து ஐ விளிம்பில் சாய்ந்து நின்றது. சுண்ணாம்புப் பிரதியைப் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒரு கையால் வெட்டின மாதிரி இருந்தன.

சுதர்சினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அவித்தி,” என்றார் மெல்ல. “அவித்துஸ் எண்டு ரோமர் பெயர் இருக்கு. சாதாரணமான பெயர். அவித்தி எண்டால் அவித்துஸினுடையது. கடவுளே, ரெண்டு வருசம்!”

“அவிச்சியா?” என்றார் பௌஸி நானா, விஷயம் சரியாகக் காதில் விழாமல். “என்னத்தெ அவிச்ச? இடியப்பமா?”

பக்கத்துச் சைவக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும்வரைக்கும் சிரித்தார்கள். சுதர்சினிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, “பாருங்கோ, அச்சு வெட்டினவன் எழுதப் படிக்கப் பெரிசாத் தெரியாதவனா இருந்திருக்கலாம். அல்லது புதுசா வேலைக்குச் சேந்தவனா இருந்திருக்கலாம்,” என்றார்.

“அவசரத்துல இருந்திருக்கலாம்,” என்றாள் மேனகா. “பெரிய ஆர்டரா இருந்திருக்கும்.”

அந்த அச்சு வெட்டினவனை அவள் அன்றுதான் ஓர் ஆளாக நினைத்துப் பார்த்தாள். முதல் பாத்திரத்தில் குத்தி எடுத்ததும் அவன் முகம் எப்படிப் போயிருக்கும்? முதலாளி ஏசியிருப்பானா, இல்லை, சூளைக்கு நேரமாயிற்று, போகட்டும் விடு என்றிருப்பானா? விட்டிருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் கப்பலேறி இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சுதர்சினி இரண்டு படங்களையும் இத்தாலியில் உள்ள ஒரு நிபுணருக்கு அனுப்பினார். நான்கு நாளில் பதில் வந்தது. பெயர் திரும்பி விழுந்த முத்திரைகள் தங்களிடமும் உண்டு என்றும், இந்த வாசிப்பே பொருத்தம் என்று தனக்கும் படுகிறது என்றும் எழுதியிருந்த அவர், எழுத்தின் நெருக்கத்தை வைத்துத் தொடக்கத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைச் சுதர்சினி கடையில் வந்து தமிழில் படித்துக் காட்டினார். பௌஸி நானா அதைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னார். இப்போது அது கடையின் விலைப்பட்டியலுக்கு மேலே தொங்குகிறது. இத்தாலியர் எழுதியது ஆங்கிலத்தில். வருகிறவர்களுக்குப் பௌஸி நானாவே மொழிபெயர்த்துச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நிபுணருடைய பாராட்டு கொஞ்சம் நீளும்.

கண்காட்சிப் பலகை மறுபடி அச்சானது. அதில் மூன்று மொழியிலும் கடைசி வரியாக, ‘பெயரை வாசித்தவர்: மேனகா இராமர், முத்திரைத் தயாரிப்பாளர், கொட்டாஞ்சேனை’ என்று இருந்தது. திறப்பு நாளன்று மேனகா பச்சை நிறச் சேலை கட்டிக்கொண்டு, இராமரோடு போனாள். அந்த வரியின் முன்னால் இராமர் அசையாமல் நின்றார். பிறகு, தன் பெயரும் அதில் இருப்பதால், தன்னையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உண்மையான ஓடு இருந்தது. மேனகா நினைத்ததைவிட அது சின்னதாக இருந்தது. உள்ளங்கையில் மூடிவிடலாம். சிவப்பு மட்டும் படத்தில் பார்த்ததைவிட உயிரோடு இருந்தது. ஈரமே காயாததுபோல. அந்தச் சாய்ந்த ஐயைத் தேடிக் கண்டுபிடித்து அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், தெரிந்தவரைத் தெருவில் கண்டதுபோல.

அந்தப் பக்கத்து மேசையில் பிள்ளைகள் அவள் செய்த பன்னிரண்டு முத்திரையையும் களிமண்ணில் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண், ஷிஹாரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, தன் பெயரில் முத்திரை கிடைக்காதா என்று கேட்டாள். மேனகா ஒரு பென்சிலை எடுத்து அரைவாசி காய்ந்த களிமண் கட்டியொன்றில் அந்தப் பெயரைத் தமிழில், திருப்பி, ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள். பிள்ளை அதைக் குத்திப் பார்த்துத் தன் பெயர் நேராக எழும்புவதைக் கண்டு கத்தியதும், மேசையைச் சுற்றி வரிசை கூடிவிட்டது. கண்காட்சியை மூடும்வரை மேனகாவால் அந்த இடத்தைவிட்டு எழும்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுதர்சினி அவளைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடுகிறார். கழுவி எண் போட்ட ஓடுகளை மேசையில் பரப்பி, இரண்டு பேரும் பூதக்கண்ணாடியோடு உட்காருவார்கள். எப்போதும் வெற்றிதான் என்றில்லை. இரண்டாவது சனிக்கிழமை, ஓர் ஓட்டில் இருந்த கீறலை எழுத்தென்று மேனகா அடித்துச் சொல்ல, அது ஏதோ மரத்தின் வேர் அரித்த தடம் என்று ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. “வேருக்குச் சீல் அடிக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு,” என்றார் சுதர்சினி. மேனகா அவ்வளவு சிரித்ததைப் பார்த்து அந்த ஆய்வுகூடத்தில் இருந்தவர்களும் அவளோடு சிரித்துப் பழகிவிட்டார்கள்.

போன சனிக்கிழமை வாசலில் புதிய காவலாளி ஒருவர் இருந்தார். வருகிறவர்களுடைய பெயரையும் தொழிலையும் புத்தகத்தில் பதிகிறவர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். “சீல் ஹதனவா,” என்றாள் மேனகா, முத்திரை செய்கிறேன் என்று. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். தங்கள் ஊர் இளைஞர் சங்கத்துக்கு ஒரு முத்திரை வேண்டும், எங்கே செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்களாம்.

மேனகா கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டி, சங்கத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னாள். அவர் எழுதியதை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு, வட்ட முத்திரையா நீள முத்திரையா என்று கேட்டாள்.